ஓடைக்கரை வீடும் ஓர் அரிசி அளவு வண்டும்

கனடா போய்விட்டு வந்தேன் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "நயாகரா பார்த்தீங்களா?" என்பதுதான். இல்லை. என் மகள் இருக்கும் கம்லூப்ஸ் நகரத்துக்கும் நயாகராவுக்கும் நடுவே, சென்னைக்கும் டெல்லிக்கும் இருப்பதைவிட அதிக தூரம். ஆறு மாதத்தில் நான் அங்கே பார்த்தவை வேறு. அவற்றில் என்னைச் சில ராத்திரிகள் தூங்கவிடாமல் செய்தது, ஓர் அரிசி அளவே இருக்கும் கறுப்பு வண்டு.

சிரிக்காதீர்கள். அந்த வண்டு தின்று தீர்த்த கதையைக் கேட்டால் உங்களுக்கும் தூக்கம் வராது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1990-களில் பெருகத் தொடங்கி, அடுத்த பதினைந்து இருபது வருடங்களில் அது தாக்கிய காட்டின் பரப்பு சுமார் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர். நம் தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1 கோடியே 30 லட்சம் ஹெக்டேர்தான். கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை முழுக்கப் பைன் காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முழுவதையும் தாக்கிவிட்டு, 'இன்னும் கொஞ்சம் இருக்கா?' என்று கேட்டிருக்கிறது.

மலைப் பைன் வண்டு என்று பெயர். நம் ஊர்த் தென்னைக்குச் சிவப்புக் கூன்வண்டு எப்படியோ, அந்த ஊர்ப் பைனுக்கு இது அப்படி. ஒற்றை வண்டு வந்து துளைத்தால் மரம் பிசினைச் சுரந்து வெளியே தள்ளிவிடும். ஆனால் முதலில் வந்த வண்டு ஒரு வாசனையைப் பரப்பி ஊரையே கூட்டிவிடும். ஆயிரக்கணக்கில் வந்து ஒரே மரத்தில் இறங்கினால் பிசின் எத்தனை இடத்தில்தான் சுரக்கும்? பட்டைக்கு அடியில் முட்டையிடும். கூடவே அது சுமந்து வரும் ஒரு நீலப் பூஞ்சை, மரத்தின் தண்ணீர்க் குழாய்களை அடைத்துவிடும். அடுத்த வருடம் இலையெல்லாம் துருப்பிடித்த சிவப்பு. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் இலை உதிர்ந்து, சாம்பல் நிறத்தில் பட்ட மரம்.

முன்பெல்லாம் குளிர் இந்த வண்டைக் கட்டுக்குள் வைத்திருந்தது. மைனஸ் 35, 40 டிகிரி என்று சில நாட்கள் தொடர்ந்தால் பட்டைக்கடியில் இருக்கும் புழுக்கள் செத்துப்போகும். அந்தக் கடுங்குளிர் இப்போது முன்போல வருவதில்லை. இன்னொரு பக்கம், பல பத்தாண்டுகளாகக் காட்டுத்தீயை உடனுக்குடன் அணைத்து அணைத்து, வயதான பைன் மரங்கள் எக்கச்சக்கமாகச் சேர்ந்திருந்தன. வண்டுக்கு அது கல்யாணப் பந்தி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் தென்காசிப் பக்கம் ஒரு மேல்நிலைப்பள்ளியில் புவியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். போகிற இடத்தில் மலை எது, ஆறு எது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காவிட்டால் சோறு இறங்காது. ஆனாலும் இந்த வண்டைப் பற்றி இவ்வளவு தேடிப் படித்தது வெறும் ஆர்வத்தால் அல்ல. மகளும் மாப்பிள்ளையும் வீடு வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது வருட வாடகை வாழ்க்கை. பத்து வீடு பார்த்து எதுவும் கட்டுப்படியாகாமல், கடைசியில் நகரத்தை விட்டுத் தள்ளி ஒரு வீடு அமைந்தது. மூன்று படுக்கையறை. பேரன் சைக்கிள் விட முற்றம். பின்பக்கம் சலசலவென்று ஓர் ஓடை. "அத்தை, நம்ம ஊர் வாய்க்கால் மாதிரியே இருக்குல்ல? உங்களுக்காகவே பார்த்த மாதிரி" என்றார் மாப்பிள்ளை. விலையும் மற்ற வீடுகளைவிடக் குறைவு. மகள் அப்போதே மனசுக்குள் திரைச்சீலை மாட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

வீட்டை விற்கும் அம்மா நல்ல மனுஷி. "முப்பது வருஷமா இருக்கேன். ஒரு தடவைகூட இந்தப் படி வரைக்கும் தண்ணி வந்ததில்லை" என்று பின்வாசல் படியைக் காட்டினார். பொய் சொல்கிற முகம் இல்லை.

அன்று ராத்திரி போனில் அந்த இடத்தின் சாட்டிலைட் படத்தை எடுத்து, ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே நகர்த்திக்கொண்டே போனேன். வீட்டைச் சுற்றிப் பச்சை. கொஞ்சம் மேலே போனதும் பச்சைக்கு நடுவே கட்டம் கட்டமாக மொட்டை. இன்னும் மேலே போகப் போக மொட்டைக்கு நடுவேதான் பச்சை. அவற்றுக்கிடையே நூல் இழைத்த மாதிரி மண்சாலைகள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இருபத்தைந்து வருடம் மரம் வெட்டும் எந்திரம் ஓட்டியவர். மறுநாள் காலை அவரிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வண்டு மரம்" என்றார். "செத்ததும் வெட்டிட்டோம்."

இதற்கு அங்கே 'ஸால்வேஜ் லாகிங்' என்று பெயர். எரிந்துகொண்டிருக்கும் வீட்டிலிருந்து பண்டபாத்திரங்களை வெளியே எடுப்பதைப்போல, பட்டுப்போன மரம் வெடித்து உளுத்து வீணாவதற்குள் வெட்டி எடுத்துக் காசாக்குவது. வழக்கமாக வருடத்துக்கு இவ்வளவுதான் வெட்டலாம் என்று அரசு வைத்திருக்கும் அளவை, இதற்காகவே உயர்த்திக் கொடுத்தார்கள். அந்த மரத்தில் பூஞ்சையின் நீலம் ஓடியிருக்குமே தவிர, உறுதிக்குக் குறைவில்லை. 2010 குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காக ரிச்மண்டில் கட்டிய பனிச்சறுக்கு அரங்கத்தின் பிரமாண்டமான கூரையே வண்டு தின்ற மரத்தில் செய்ததுதான். பல சிற்றூர்களுக்கு அறுவை ஆலைதான் சோறு. அப்படி வெட்டியதைத் தப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரம் தீர்ந்ததும் அந்த ஆலைகளில் பலவும் மூடிவிட்டன என்பது தனிக் கதை.

சரி, மரம் செத்தால் என்ன, வெட்டினால் என்ன, கீழே இருக்கும் ஓடைக்கு என்ன வந்தது?

நம் ஊரில் வெள்ளம் என்றால் மழை. அங்கே ஆறுகளில் தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் பனி உருகித்தான். நவம்பரிலிருந்து மலையில் விழும் பனி அப்படியே சேர்ந்துகொண்டே போகும். பிக்சட் டெபாசிட் மாதிரி. ஏப்ரல் கடைசி, மே, ஜூனில்தான் அது முதிர்ந்து கைக்கு வரும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எத்தனை நாளில் கரைகிறது என்ற இரண்டும்தான் கீழே இருப்பவர் தலையெழுத்து.

உயிரோடிருக்கும் பைன் மரம் இந்த இரண்டிலும் தலையிடுகிறது. விழும் பனியில் ஒரு பங்கைத் தன் கிளையில் ஏந்திக்கொள்ளும். தரைக்கே வராமல் அது காற்றோடு போய்விடும். தரைக்கு வந்த பனியை வெயில் படாமல் நிழலில் வைத்து, மெதுவாகக் கரையவிடும். கரைந்த தண்ணீரில் ஒரு பங்கை வேர் உறிஞ்சிக்கொள்ளும். மரம் பட்டுப்போனால் கடைசி வேலை முதலில் நின்றுவிடுகிறது. உறிஞ்ச ஆளில்லாத தண்ணீர் மண்ணிலேயே தேங்கும்.

இதைப் பெரியவர் கண்ணால் பார்த்திருக்கிறார். வடக்கே வாண்டர்ஹூஃப் பக்கம் வேலை பார்த்தபோது, கோடையில் காய்ந்து கிடக்கும் என்று பேர் வாங்கிய காட்டுத் தரையெல்லாம் வண்டு வந்த பிறகு சொதசொதவென்று ஆகிவிட்டதாம். எந்திரத்தை இறக்கினால் சக்கரம் புதையும். குளிரில் தரை உறையும்வரை காத்திருந்து வெட்டியிருக்கிறார்கள். "மரம் எவ்வளவு தண்ணி குடிச்சிட்டிருந்ததுன்னு அது செத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிஞ்சது" என்றார்.

ஆனால் பட்ட மரமும் சும்மா நிற்பதில்லை. இலை போனாலும் கிளையும் தண்டும் கொஞ்சம் நிழல் தரும், காற்றை மறிக்கும். அதன் காலடியில் வண்டு தொடாத சின்னக் கன்றுகள், ஸ்ப்ரூஸ், ஃபிர் என்று வேறு ஜாதி மரங்கள் உயிரோடு நின்று தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும். மொத்தமாக மொட்டையடிக்கும்போது பட்டதோடு சேர்த்து இந்தப் பச்சையும் போய்விடும். பனி தடையில்லாமல் தரையில் குவியும். மே மாத வெயில் நேராக அதன்மேல் விழும். போதாததற்கு லாரி போக மலைச்சரிவை வெட்டிப் போட்ட சாலைகள். மண்ணுக்குள் மெள்ள ஊர்ந்து வர வேண்டிய தண்ணீரை அந்தச் சாலையோரப் பள்ளங்கள் இடைமறித்து, குறுக்குவழியில் ஓடைக்கு அனுப்பிவிடும்.

குவெனெல் என்ற ஊருக்குப் பக்கத்தில் பேக்கர் க்ரீக் என்று ஓர் ஓடை. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியை எடுத்துக்கொண்டு, மாகாணத்தின் காடுகள் நடைமுறை வாரியம் 2007-இல் கணினி மாதிரி ஒன்றை ஓட்டிப் பார்த்தது. வண்டு கொன்ற மரங்களை அப்படியே நிற்கவிட்டால் ஓடையின் உச்சப் பெருக்கு சுமார் 60 சதவிகிதம் கூடும் என்று வந்தது. வெட்டி எடுத்தால்? 90 சதவிகிதத்துக்கும் மேல். கணினிக் கணக்குதானே என்று தோன்றலாம். தெற்கே ஒகனாகன் பக்கம் கேம்ப் க்ரீக்கில் 1976-77-லேயே வண்டு விழுந்த காட்டில் சுமார் 30 சதவிகிதத்தை வெட்டிவிட்டு, வெட்டாத பக்கத்து ஓடையோடு வருடக்கணக்கில் ஒப்பிட்டு அளந்திருக்கிறார்கள். வெட்டிய ஓடையில் தண்ணீர் கூடியது, உச்சப் பெருக்கும் கூடியது, அந்த உச்சம் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தது.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அமெரிக்காவின் கொலராடோ, வயோமிங் மலைகளில் இதே வண்டு தின்ற காடுகளை ஆராய்ந்தவர்கள், ஓடையில் எதிர்பார்த்த அளவுக்குத் தண்ணீர் கூடவில்லை என்று கண்டார்கள். மரம் வெட்டாமல் நின்ற இடங்கள் அவை. இலை போனதும் வெயிலும் காற்றும் உள்ளே புகுந்து பனியில் ஒரு பங்கை ஆவியாக்கிவிட்டன. மிச்சமிருந்த செடிகொடிகள் கிடைத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டன. சாகாமல் மிஞ்சிய பச்சை எவ்வளவு என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும் போலிருக்கிறது. எனக்கு இதைப் படித்தபோது, பட்ட மரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றுதான் பட்டது.

இதற்குள் வீட்டில் ஒரு சின்னப் பனிப்போர். "அம்மா, அந்த லேடி முப்பது வருஷம் இருந்திருக்காங்க. நீ மேப் பார்த்துட்டு பயமுறுத்தறே" என்றாள் மகள். கேள்வி நியாயம்தான். முப்பது வருட அனுபவத்தை எந்த மேப்பால் வெல்ல முடியும்?

அதற்கு விடை தேடும்போதுதான் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் யூனஸ் அலிலாவின் வாதம் கண்ணில் பட்டது. காடு சின்ன வெள்ளத்தைத்தான் தடுக்கும், பெரிய வெள்ளத்தை ஒன்றும் செய்யாது என்று நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். ஒரே மழை, ஒரே பனி. வெட்டிய இடத்தில் எவ்வளவு வந்தது, வெட்டாத இடத்தில் எவ்வளவு வந்தது என்று ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுச் சொன்னது அது. கேள்வியே தப்பு என்று 2009-இல் அவரும் உடனாய்வாளர்களும் எழுதினார்கள். வெள்ளம் எவ்வளவு பெரிதானது என்று மட்டும் பார்க்காதே, அந்த அளவு வெள்ளம் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கேள் என்கிறார்.

மகளுக்கு இதைக் குடவோலையை வைத்துச் சொன்னேன். உத்திரமேரூர்க் குடத்தில் இருபது ஓலை. பத்தொன்பது வெற்று ஓலை, ஒன்றில் மட்டும் 'வெள்ளம்' என்று எழுதியிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கையை விட்டு ஓர் ஓலை எடுக்கிறோம், பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடுகிறோம். காட்டை மொட்டையடிப்பது, குடத்தில் இருக்கும் வெற்று ஓலைகளில் இன்னும் இரண்டு மூன்றில் 'வெள்ளம்' என்று எழுதிப் போடுகிற வேலை. அதன்பிறகும் சில வருடம் வெற்று ஓலையே கையில் வரலாம். அதனால் குடம் பழைய குடம் என்று ஆகிவிடாது.

"அந்த அம்மா முப்பது வருஷம் ஓலை எடுத்ததில் பாதிக்கு மேல் பழைய குடம்டி. மேலே காடு இருந்த வருஷங்கள். நீ எடுக்கப் போறது இந்தக் குடத்திலேர்ந்து."

அவள் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளைதான் மெதுவாக, "அத்தை, எத்தனை வருஷம் ஆகும் பழைய குடம் திரும்ப வர?" என்றார். நல்ல கேள்வி. வெட்டிய இடத்தில் கன்று நட வேண்டும் என்பது அங்கே சட்டம், நடவும் செய்கிறார்கள். ஆனால் முழங்கால் உயரப் பைன் கன்று பனியை ஏந்தவும் நிழல் தரவும் ஒரு தலைமுறை ஆகும். கொலராடோவில் 1940-களில் வேறொரு பட்டை வண்டு ஸ்ப்ரூஸ் காடுகளை அழித்தது. அங்கே ஓடும் ஒயிட் நதியில் 25 வருடம் கழித்தும் தண்ணீர் கூடுதலாகவே ஓடிக்கொண்டிருந்தது. மகளின் வீட்டுக்கடனுக்கும் 25 வருடம். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாப்பிள்ளை வங்கியில் வேலை பார்ப்பவர், அவரே கணக்குப் போட்டுக்கொண்டார்.

அந்தப் பக்கத்து மக்களுக்கு வெள்ளம் என்பது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2018 மே மாதம் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரில் பனி உருகிய தண்ணீரும் மழையும் சேர்ந்து ஊருக்குள் புகுந்ததில், ஒரு குடியிருப்பையே நகராட்சி விலைக்கு வாங்கிக் காலி செய்ய வேண்டியதாயிற்று. 2021 நவம்பரில் மெரிட் நகரத்தின் சுமார் 7,000 பேரும் ஒரே நாளில் ஊரை விட்டு வெளியேறினார்கள். கம்லூப்ஸிலிருந்து மெரிட் ஒரு மணி நேரப் பயணம்தான். மகள் வீட்டுக்கு அன்று நண்பர்கள் குடும்பம் ஒன்று இரண்டு பெட்டியோடு வந்து பத்து நாள் தங்கியிருந்தது. அந்த வெள்ளத்துக்கு வானத்து ஆறு என்று சொல்லும் அசாத்திய மழை முதல் காரணம். அந்தக் கோடையில் எரிந்த மலைகளுக்கும் பங்கு உண்டு. எல்லாப் பழியையும் வண்டின் தலையிலோ, வாளின் தலையிலோ போட முடியாது. ஆனால் மேலே இருப்பது வழுக்கையா, முடியா என்பதைப் பொறுத்து, கீழே வரும் தண்ணீரின் அவசரம் மாறும். குற்றாலத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை அருவியில் இறங்குவதைப் பார்த்தவர்கள் நாம்.

கடைசியில் முடிவு செய்தது நானும் இல்லை, அலிலாவும் இல்லை. காப்பீடு. கனடாவில் வீட்டுக் காப்பீட்டில் குழாய் உடைந்தால் பணம் உண்டு. ஆறு பெருகி வாசல் வழியே வரும் தண்ணீருக்கான காப்பீடு 2015-க்குப் பிறகுதான் சாதாரண வீட்டுக்காரர்களுக்குக் கிடைக்கவே ஆரம்பித்தது. அதுவும் தனிக் கட்டணம். மாப்பிள்ளை மூன்று இடங்களில் விசாரித்தார். இரண்டு இடத்தில் அந்த முகவரிக்கு முடியாது என்றார்கள். மூன்றாவது இடத்தில் சொன்ன தொகையைக் கேட்டு அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மேலே காடு என்ன ஆயிற்று என்பது அவர்கள் கணக்கில் இருந்ததா என்று தெரியாது. இருந்திருந்தால் இன்னும் ஏறியிருக்கும்.

ஓடைக்கரை வீடு கைவிட்டுப் போனது. மகள் இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு அவளே ஒரு மேட்டுப்பாங்கான தெருவில், முற்றமே இல்லாத, இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைப் பார்த்துப் பிடித்தாள். பேரன் சைக்கிளைத் தெருவில் விடுகிறான். தெரு முழுக்கச் சரிவு என்பதால் ஏறும்போது தள்ளிக்கொண்டு வருகிறான்.

ஊருக்குக் கிளம்பும் வாரம் பெரியவர் என்னை அவர் லாரியில் ஏற்றிக்கொண்டு மலைக்குமேல் அழைத்துப் போனார். பழைய வெட்டு நிலம் ஒன்றில் இறங்கினோம். நட்டுப் பதினைந்து வருடமான பைன்கள், என்னைவிட உயரம். பக்கத்தில் வெட்டாமல் விட்ட ஒரு கீற்றில் சாம்பல் நிறப் பட்ட மரங்கள், பாதி சாய்ந்து, பாதி நின்று. அவற்றின் அடியில் தோள் உயரத்துக்கு யாரும் நடாத பச்சை. "இதை நாங்க நடலை" என்றார் பெரியவர். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கனடா அரசு ஆறுகளின் நீர்மட்டத்தை அவ்வப்போதே இணையத்தில் போடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மே மாதம் வந்தால் தென்காசியில் காலைக் காபியோடு நான் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். அங்கே அப்போது முந்தைய நாள் சாயங்காலம். பகலில் மலையில் உருகியது மெல்ல இறங்கி வந்துகொண்டிருக்கும் நேரம். கோடு மேலே ஏறுவதும் இறங்குவதும் போனில் தெரியும். அந்த ஓடைக்கரை வீட்டை வேறொரு இளம் தம்பதி வாங்கியிருப்பதாக மகள் சொன்னாள். ஒரு கைக்குழந்தை இருக்கிறதாம்.